சென்னையில் சிறு பட்ஜெட் படத்துக்கு வாடகை ஃபிளாட்: கணக்கும் சட்டமும் அக்கம்பக்கமும்

சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் தெருக்களிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நாள் வாடகைக்கு விடும் ‘ஷூட்டிங் ஹவுஸ்’கள் ஏராளம். அந்த வீடுகளுக்கு யூனிட் வண்டியும் விளக்கும் பழக்கம். பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பங்களாக்கள். கதையில் வரும் குடும்பம் மாதச் சம்பளத்தில் 2 பிஎச்கே ஃபிளாட்டில் வாழ்கிறது என்றால், உள்ளே வளைந்து ஏறும் மாடிப்படியும் பளிங்குத் தரையும் அந்தக் குடும்பத்தைப் பொய்யாக்கிவிடும். சீரியல்களில் பார்த்துப் பழகிய சோஃபாவும் சுவரும் பார்வையாளருக்கு உடனே அடையாளம் தெரியும். அதனால்தான் சிறு குழுக்கள் உண்மையான ஃபிளாட்டைத் தேடுகின்றன. அங்கேதான் கணக்கு தப்புகிறது: வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிக்கிறார்கள். ஒரு ஃபிளாட் மலிவா இல்லையா என்பதை அதன் வாடகை முடிவு செய்வதில்லை. அந்த வீட்டில் ஒரு நாளில் தடங்கல் இல்லாமல் எத்தனை மணி நேரம் கேமரா ஓடும் என்பதுதான் முடிவு செய்கிறது. பத்தாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்த வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் பறிபோனால், நடிகர், கேமரா வாடகை, பேட்டா எனும் தினப்படி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து அந்தப் பத்தாயிரத்தை இரண்டே நாளில் விழுங்கிவிடும்.

நாள் வாடகையா, மாத வாடகையா

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் பகுதி நிலவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். படப்பிடிப்புக்கு நாள் வாடகை ரூ.12,000 கேட்கும் ஒரு ஃபிளாட். அதே அளவு ஃபிளாட் மாத வாடகைக்கு ரூ.18,000. மாத வாடகைக்கு எடுத்தால் வாடகை 18,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று சென்னையில் வழக்கமாகப் பிடிக்கும் ஒரு மாதம் 18,000, மெயின்டனன்ஸும் ஈபி பில்லும் சேர்த்து 5,000. மொத்தம் ரூ.59,000. அதாவது ஐந்து நாள் வாடகைக்குக் கொஞ்சம் குறைவு. செட் பிராப்பர்ட்டி, அதாவது காட்சியில் வைக்கும் பொருட்கள், அடுக்கும் நாளுக்கும் திரும்ப எடுக்கும் நாளுக்கும் நாள் வாடகைக்காரர்கள் பணம் கேட்பார்கள் என்பதால், மூன்று நாள் படப்பிடிப்பிலேயே இரண்டு கணக்கும் சமமாகிவிடும். நான்கு நாளைத் தாண்டும் எந்தப் படத்துக்கும் மாத வாடகைதான் சரி.

மாத வாடகையில் பணக் கணக்கில் வராத லாபமும் உண்டு. ஒத்திகையை அந்த அறையிலேயே நடத்தலாம். நடிகர் எந்த ஸ்விட்சைப் போடுவார், எந்த அலமாரியைத் திறப்பார் என்பதை உடம்பு பழகிவிடும். கலை இயக்குநர் நிதானமாக வேலை செய்யலாம். கேமராவையும் விளக்கையும் இரவில் அங்கேயே பூட்டி வைக்கலாம். தினமும் ஏற்றி இறக்கும் ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

சிக்கல் அட்வான்ஸ். சென்னையில் ஐந்து முதல் பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர் குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு வீடு கேட்டு வருபவரிடம் உரிமையாளர் சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். ஒரு மாதத்துக்கெல்லாம் விடுவதில்லை என்று முடித்துவிடுவார். அவருடைய தயக்கம் நியாயமானது: ஒரு மாதம் கழித்து மறுபடி புரோக்கர், மறுபடி டு-லெட் பலகை, மறுபடி காலி வீடு. ஆகவே பேச்சை வேறு இடத்தில் தொடங்க வேண்டும். ஒரு மாதப் பயன்பாட்டுக்கு இரண்டு மாத வாடகையைத் திரும்பக் கேட்காத பணமாக முன்பே கொடுப்பது, கூடவே சேதத்துக்கு மட்டும் ஒரு மாத வாடகையைப் பிணையாக வைப்பது என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குக் காலி மாதத்தின் இழப்பு ஈடாகிறது, உங்களுக்கு ஐந்து மாத அட்வான்ஸாகத் தொண்ணூறாயிரம் முடங்காமல் இருக்கிறது.

எங்கே, எப்போது தேடுவது

நேரம் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் சென்னையில் வீடு மாறுகிறவர்கள் குறைவு. ஆனி முடிவில் காலியான ஃபிளாட் ஆவணி வரை ஆள் இல்லாமல் கிடக்கும். வெறுமனே பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு மாதப் பணம் வருகிறது என்றால் உரிமையாளர் காது கொடுத்துக் கேட்பார். இதற்கு விலையும் உண்டு. ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழியில் விடிகாலைத் திருப்பாவை. கோயிலிலிருந்து நான்கைந்து தெரு தள்ளிய வீடாகப் பார்த்தால் இரண்டையும் சமாளிக்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளி மாற்றத்துக்காகக் குடும்பங்கள் வீடு தேடும் காலம். அப்போது உங்களிடம் பேரம் பேச ஒன்றும் இருக்காது.

நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களில் தேடும்போது விளம்பரம் போட்டு நாற்பது நாளைத் தாண்டியும் போகாத வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவருக்குக் குறையாகத் தெரிவது உங்களுக்குக் குறையாக இருக்க வேண்டியதில்லை. லிஃப்ட் இல்லை, கார் நிறுத்த இடம் இல்லை, மாடுலர் கிச்சன் இல்லை, மொசைக் தரை என்பதற்காக ஒதுக்கப்படும் எண்பதுகளின் ஃபிளாட்டுகள் திரையில் அருமையாக இருக்கும். அறைகளும் இன்றைய கட்டடங்களைவிடச் சற்றே பெரியவை.

இடித்துக் கட்டப்போகும் குடியிருப்புகள் தனி வகை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் உரிமையாளர்கள் ஒன்றுகூடிப் பழைய பிளாக்குகளைக் கட்டுநரிடம் ஒப்படைக்கிறார்கள். எல்லோரும் காலி செய்த பிறகு இடிப்பதற்கு முன் சில வாரங்கள் கிடைக்கும். சுவரில் ஆணி அடிக்கலாம், நிறம் மாற்றலாம், கதவையே கழற்றலாம். அண்டை வீட்டுப் புகார் இல்லை. ஆனால் அதற்குள் மின் இணைப்பும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டிருக்கும், லிஃப்ட் ஓடாது, எல்லா மின்சாரமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். கட்டடம் ஏன் இடிக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். லாபத்துக்காக என்றால் ஒரு கதை, கட்டடம் பலவீனம் என்றால் வேறு கதை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் முழுதாகச் சரிந்தது; முன்கூட்டியே ஆட்கள் வெளியேறியதால்தான் உயிரிழப்பு இல்லை. கூரையில் கம்பி தெரிகிறது, பால்கனி கைப்பிடிச் சுவர் ஆடுகிறது என்றால் அந்த இடத்தில் இருபது பேரை நிறுத்த எந்தப் பட்ஜெட்டும் காரணமாகாது.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளைத் தேடிப் போகும் குழுக்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அந்த வீடுகள் ஒதுக்கீட்டில் கிடைத்தவை. வாடகைக்கு விடுவது ஒதுக்கீட்டு விதிகளுக்கு விரோதம். உங்கள் வாடகை ஒப்பந்தம் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கே வினையாகலாம். வாரியத்திடம் அனுமதி கேளுங்கள். வீட்டாருக்குக் கொடுக்கும் தொகையை அவர்கள் அன்று இழக்கும் வேலைக்கூலிக்கும் தொந்தரவுக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஏழை வீடு என்பதால் ஐந்நூறு ரூபாயில் முடிக்கலாம் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் இன்னும் இருக்கிறது. அது போக வேண்டும்.

உண்மையைச் சொல்லிப் பிடிப்பது

சினிமாக்காரர்களுக்கு வீடு கிடையாது என்று நேரடியாகவே சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. அதனால் ‘ஃபேமிலி’ என்று சொல்லி வீடு பிடித்து, இரண்டாம் நாள் விளக்கு ஏற்றும்போது மாட்டிக்கொள்வது நடந்துகொண்டே இருக்கிறது. வாட்ச்மேன் போன் போட்ட அரை மணி நேரத்தில் உரிமையாளர் வாசலில் நிற்பார். பாதிக் காட்சி முடிந்த வீட்டைவிட்டு வெளியேறும் குழுவுக்கு அந்தப் பாதியும் வீண், ஏனென்றால் மீதியை வேறு சுவருக்கு முன் எடுக்க முடியாது.

முதல் சந்திப்பிலேயே ஐந்து விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: எத்தனை பேர் வருவார்கள், எந்தத் தேதிகள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வீட்டில் எதை மாற்றப் போகிறீர்கள், கதையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது. கடைசியானதைத்தான் பலர் மறைக்கிறார்கள். சாவு, தூக்கு, பேய், மது, நெருக்கமான காட்சி ஆகியவை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். கூடத்தில் பிணத்தைக் கிடத்தி மாலை போடும் காட்சி உங்களுக்கு நடிப்பு. அந்த வீட்டில் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பவருக்கு அபசகுனம். அன்று காலையில் தெரிந்தால் மறுக்க அவருக்கு எல்லாக் காரணமும் உண்டு. முன்பே சொன்னால் சிலர் ஒப்புக்கொள்வார்கள், சிலர் படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு கணபதி ஹோமத்துக்கோ வீட்டில் ஜெபத்துக்கோ செலவைக் கேட்பார்கள். கொடுத்துவிடலாம்.

யாரிடம் பேசுகிறோம் என்பது அடுத்தது. வாடகைக்குக் குடியிருப்பவர் சம்மதித்துப் பணமும் வாங்கிக்கொள்வார்; உரிமையாளருக்குத் தெரியாது. மேலே சொன்ன 2017 சட்டத்தின்படி, துணை ஒப்பந்தம் இல்லாமல் உள்வாடகை விட முடியாது. எனவே குடியிருப்பவர், உரிமையாளர் இருவர் கையெழுத்தும் வேண்டும். உரிமையாளர் என்று வருபவரின் பெயர் சொத்துவரி ரசீதிலும் ஈபி அட்டையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் ஃபிளாட்டை அப்பா விடுகிறார் என்றால் பொது அதிகாரப் பத்திரத்தையோ, குறைந்தது பிள்ளையின் மின்னஞ்சல் சம்மதத்தையோ கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தின் வகையும் கவனிக்க வேண்டியது. சாவி உங்களிடம், வீடு முழுக்க உங்கள் கையில், மாதக் கணக்கில் என்றால் அது குத்தகை. எழுத்து ஒப்பந்தமும், அதே 2017 சட்டத்தின் கீழுள்ள வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும். உரிமையாளர் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட மணிகளுக்கு மட்டும் உள்ளே விடுகிறார் என்றால் அது 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்லும் அனுமதி உரிமம் போன்றது. தலைப்பில் என்ன எழுதினாலும் உண்மையில் நடப்பது எது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

ஃபிளாட்டின் உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்பதால் மாடிப்படியும் லிஃப்டும் மொட்டை மாடியும் கார் நிறுத்துமிடமும் உங்களுக்குக் கிடைத்துவிடாது. அவை எல்லா உரிமையாளர்களுக்கும் பொது. ஃபிளாட் உரிமையாளர் சங்கச் செயலாளரிடம் தனியாகக் கடிதம் கொடுத்து, பதில் கடிதம் வாங்க வேண்டும். காட்சி முழுக்க வீட்டுக்குள்தான் என்றாலும் இதைச் செய்யுங்கள். பொருட்கள் ஏறுவது அவர்கள் படியில்தானே. சங்க நிதிக்கு ஒரு தொகை கொடுத்து ரசீது வாங்குவது நல்லது. செயலாளர் கையில் தனியாகக் கொடுத்த பணம் அடுத்த கூட்டத்தில் சண்டையாக வெடிக்கும். தெருவில் வண்டியையோ ஜெனரேட்டரையோ நிறுத்தினால் போக்குவரத்துக் காவலின் அனுமதி தேவை. வீட்டுக்குள் மட்டும் எடுத்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தேதி, முகவரி, பொறுப்பாளர் எண்ணுடன் ஒரு தகவல் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். புகார் வந்து ரோந்து வண்டி நின்றால் அந்தத் தாள் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றும்.

அறையை அளப்பது

வீடு பார்க்கப் போகும்போது அளவு நாடா, திசைகாட்டி, சாக்கெட் டெஸ்டர், ஒலிப்பதிவுக் கருவி ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும்.

சென்னை ஃபிளாட்டில் படுக்கையறை சுமாராக 10 அடிக்கு 11 அடி. சினிமா கேமராக்களில் பரவலாக உள்ள சூப்பர் 35 அளவு சென்சாரில் 35 மிமீ லென்ஸ் போட்டு, நிற்கும் ஆளை உச்சி முதல் பாதம் வரை சட்டகத்தில் கொண்டுவர ஏறக்குறைய 16 அடி தூரம் வேண்டும். 24 மிமீயில் 11 அடி, 18 மிமீயில் எட்டரை அடி. இதற்குப் பின்னால் டிரைபாடும் கேமராக்காரரும் நிற்க மூன்று அடி. அப்படியானால் அந்த அறைக்குள் நின்று எடுக்கும் முழு உருவச் சட்டகம் எல்லாமே அகல லென்ஸில்தான் முடியும். ஓரத்தில் நிற்கும் முகம் இழுபடும், கதவு சாயும். சின்ன வீட்டுப் படங்கள் பல ஒரே மாதிரி இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே அறையின் அளவைவிடக் கதவின் இடத்தைப் பாருங்கள். படுக்கையறைக் கதவு கூடத்தை நேராகப் பார்க்கிறதா? அப்படியானால் கேமராவைக் கூடத்தில் நிறுத்தி, கதவு வழியாக 18 முதல் 20 அடி தூரம் எடுக்கலாம். சமையலறைக்கு இதே வேலையைப் பின்பக்கச் சர்வீஸ் ஏரியா செய்யும். கதவுகள் ஒரே கோட்டில் அமைந்த 750 சதுர அடி வீடு, கதவுகள் திரும்பித் திரும்பிப் போகும் 1,000 சதுர அடி வீட்டைவிட நல்ல லொகேஷன்.

மாடியில் முதல் மாடியே சிறந்தது. தரைத்தளத்தில் தெரு எட்டிப் பார்க்கும். மூன்றாம் மாடியில் ஜன்னலுக்கு வெளியே விளக்கு நிறுத்தச் சாரம் கட்ட வேண்டும். முதல் மாடிக்குக் கீழே நின்று உயரமான ஸ்டாண்டே போதும். மேல் மாடிக்கு மேலே வெறும் மொட்டை மாடி என்றால், ஏப்ரல் மே மாதங்களில் ஒலிக்காக ஏசியையும் மின்விசிறியையும் அணைத்த பிறகு கூரைச் சூடு இறங்கி, மேக்கப் பத்து நிமிடம் நிற்காது.

வெயிலின் கணக்கு பலரை ஏமாற்றுகிறது. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சியைத் தாண்டி வடக்கே சாயும். தெற்கு ஜன்னலில் நாள் முழுக்க வெயில் வரும் என்று டிசம்பரில் பார்த்து வைத்த வீட்டில், ஜூனில் ஒரு கதிர்கூட உள்ளே விழாது. டிசம்பரில் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாகக் கிடக்கும். எந்த மாதம் எடுக்கிறீர்களோ அந்த மாதத்தின் சூரியப் பாதையைக் கைபேசிச் செயலியில் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் நிறையப் பக்கங்களை முடிக்க வேண்டிய குழுவுக்கு நேர் வெயில் வராத ஜன்னல்தான் வரம், ஏனென்றால் காலை எட்டு மணிச் சட்டகமும் மதியம் ஒரு மணிச் சட்டகமும் ஒட்டும்.

காதால் பார்க்க வேண்டிய வீடு

வீடு தேடுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும்: படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதியும் நேரடி ஒலியா, பின்னால் ஸ்டூடியோவில் பேசிச் சேர்க்கும் டப்பிங்கா? தமிழில் டப்பிங் நெடுங்கால வழக்கம் என்பதால் ஒலியைப் பற்றி யோசிக்காமலே வீடு பார்க்கும் பழக்கம் ஊறியிருக்கிறது. டப்பிங் என்றால் ஆற்காடு சாலையை ஒட்டிய மலிவான ஃபிளாட்கூடப் போதும். நேரடி ஒலி என்றால் டப்பிங் தியேட்டர் செலவு மிச்சம், ஆனால் வீட்டுக்குச் சற்று அதிகம் கொடுக்க வேண்டும். இரண்டையும் மலிவாக முடிக்க நினைத்தால் கடைசியில் இரண்டு செலவும் வந்து சேரும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்த்துவிட்டு அமைதியான இடம் என்று முடிவு செய்யாதீர்கள். படப்பிடிப்பு நடக்கும் கிழமையில், அதே மணியில் போய்ப் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் விமானம் தலைக்கு மேல். கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டைப் பக்கம் புறநகர் ரயில். வடபழனி, அசோக் நகரில் மேல்வழி மெட்ரோ. இவையெல்லாம் விட்டு விட்டு வரும், காத்திருந்து எடுக்கலாம். காத்திருக்க முடியாதது பக்கத்து மனையின் டைல்ஸ் அறுக்கும் மெஷின். எதிரில் ஒரு கட்டடம் சென்டரிங் நிலையில் இருக்கிறதா, பூச்சு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மேஸ்திரியிடம் அடுத்த மாதம் என்ன வேலை என்று கேட்டால் சொல்லிவிடுவார். கட்டடத்துக்குள் தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்பதை வாட்ச்மேனிடம் கேட்டு, காலை ஆறு மணிக்குள் முடிக்கச் சொல்லி ஏற்பாடு செய்யலாம்.

காலி ஃபிளாட்டில் கைதட்டிப் பாருங்கள். விட்ரிஃபைடு தரையும் வெறும் சுவரும் இருக்கும் அறையில் ஓசை திரும்பி வரும். அதைப் பின்னால் மென்பொருளில் சரியாக நீக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு கனமான ஜமுக்காளமும் இரண்டு பஞ்சு மெத்தையும் போதும். கேமராவுக்குத் தெரியாத சுவரிலும் தரையிலும் விரித்துவிட்டால் பாதிக்கு மேல் அடங்கும். இரைச்சல் பதிவாகாமல் இருக்க ஃபிரிட்ஜை அணைக்கிறவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும். சாவியைத் தேடாமல் வீட்டுக்குப் போக முடியாது என்பதால், மறுபடி போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

மின்சாரம்

வீட்டுச் சாக்கெட்டில் சிறியது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் கணக்குப்படி 1,380 வாட், 3,680 வாட். பழைய வயரிங்கை நினைத்துச் சிறியதில் 1,000, பெரியதில் 2,500 வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ‘300’ என்ற எண் போட்ட எல்.இ.டி விளக்கு உண்மையில் 350 வாட் அளவுக்கு இழுக்கும். அப்படி இரண்டு, சின்ன டியூப் விளக்குகள் நான்கு, மானிட்டர், சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவாட்டுக்குள் அடங்கும். இந்த அளவில் வேலை செய்யும் ஒளிப்பதிவாளர் கிடைத்தால் ஜெனரேட்டரே வேண்டாம். 2 கிலோவாட் டங்ஸ்டன் ஒன்றை ஏற்றினால் அந்தச் சர்க்யூட் முழுவதும் அதற்கே போய்விடும்.

முன்பே ஒரு முறை போய், டிபி எனும் மின் விநியோகப் பெட்டியில் ஒவ்வொரு எம்சிபியாக (சர்க்யூட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி எந்தெந்தச் சாக்கெட் அணைகிறது என்று வரைபடம் எடுங்கள். ஒரே கூடத்தின் மூன்று சாக்கெட்டும் ஒரே எம்சிபியில் இருப்பது வழக்கம். மூன்றிலும் விளக்கு மாட்டி, டேக் நடுவில் இருட்டாவதும் வழக்கம். பீங்கான் பியூஸ் கேரியர் இருக்கும் பழைய வீட்டில் எர்த் உண்மையாக இருக்கிறதா என்று டெஸ்டரில் பாருங்கள். மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று பொருளல்ல. உலோக ஸ்டாண்டைத் தொடும் லைட்மேனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. கோடை மாலையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் விழும். அந்த நேரத்திலும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

வீட்டு மின் இணைப்பை வேறு பயன்பாட்டுக்கு எடுத்ததாக மின்வாரியம் கண்டால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தின் இரண்டு மடங்கைக் கணக்கிட்டு வசூலிக்க முடியும். நோட்டீஸ் வருவது உரிமையாளர் பெயருக்கு. இதை அவரிடம் பேசாமல் விடுவது நேர்மையல்ல. பேட்டரிப் பவர் ஸ்டேஷனோ வாடகை ஜெனரேட்டரோ கொண்டுவந்து பெரிய விளக்குகளை அதில் ஓட்டுவதே சரி. 350 வாட் விளக்கு நான்கு மணி நேரம் எரிய 1.4 கிலோவாட் மணி போதும். பெட்ரோல் ஜெனரேட்டரைக் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்திலோ பால்கனியிலோ ஒருபோதும் ஓட்டக் கூடாது. அதன் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் மேலே ஏறி ஆளைக் கொல்லும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மலிவு எல்.இ.டி பல்புகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மினுமினுக்கும். 24 பிரேமில் எடுக்கும்போது ஷட்டரை 172.8 டிகிரியில், அதாவது ஒரு பிரேமுக்கு 1/50 நொடியில், வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆகாத பல்பைக் கழற்றிவிட்டு உங்களுடையதை மாட்டுங்கள். கழற்றியதை எந்த அறையினது என்று எழுதிப் பையில் வையுங்கள்.

அக்கம்பக்கம்

புகார் எதனால் வருகிறது என்று பார்த்தால் சத்தத்துக்கு முன்னால் தண்ணீரும் லிஃப்டும் வரும். இருபது பேர் நாள் முழுக்க ஒரு ஃபிளாட்டின் கழிவறையைப் பயன்படுத்தினால் ஓவர்ஹெட் டேங்க் மாலைக்குள் இறங்கிவிடும், மேல் வீட்டுப் பாட்டிக்குக் குழாயில் காற்று வரும். கோடை என்றால் உங்கள் செலவில் ஒரு தண்ணீர் லாரியைச் சம்பில் இறக்கிவிடுங்கள். இதைவிட வேகமாக ஒரு குடியிருப்பின் நல்லெண்ணத்தை வாங்கித் தரும் செலவு வேறில்லை. பொருட்களைக் காலை ஆறரைக்குள் ஏற்றி முடித்து, ஏழரை முதல் எட்டரை வரை லிஃப்டைத் தொடாதீர்கள். அது பள்ளி வேன் நேரம். மார்ச்சில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வு. அந்தக் கட்டடத்தில் எத்தனை வீட்டில் தேர்வெழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தேதி போடுங்கள்.

சாப்பாட்டைப் படியிலோ நடைபாதையிலோ பரிமாற வேண்டாம். மேற்கு மாம்பலம், மயிலாப்பூர் பக்கம் அசைவம் கூடாது என்று வைத்திருக்கும் கட்டடங்கள் உண்டு. பிரியாணிப் பொட்டலம் பிரித்த பிறகு இது தெரியவரக் கூடாது. குழுவில் பெண்களுக்கென்று இணைப்புக் கழிவறை உள்ள ஓர் அறையைப் பூட்டும் வசதியோடு ஒதுக்குங்கள். அந்த அறையில் காட்சி எடுக்க வேண்டியிருந்தால் அதைத் தனி நாளில் வையுங்கள்.

குடியிருப்புப் பகுதியில் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை வரம்பு 45 டெசிபல். ஒரு சண்டைக் காட்சியின் கத்தலே அதைத் தாண்டிவிடும். இரவுக் காட்சிகளை, ஜன்னல்களை வெளியிலிருந்து கனமான கறுப்புத் துணியால் மூடிப் பகலில் எடுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டிய சட்டகங்களை மட்டும் மாலை ஆறரை முதல் ஒன்பதரைக்குள் அடுக்குங்கள்.

தாளில் எழுத வேண்டியவை, சுவரில் தவிர்க்க வேண்டியவை

ஒப்பந்தத்தில் தேதி, மணி, ஆட்களின் உச்ச எண்ணிக்கை, பயன்படுத்தும் அறைகள், செய்யப்போகும் மாற்றங்கள், கூடுதல் மணிக்கு எவ்வளவு, ரத்தானால் எவ்வளவு என்பவை இருக்கும். பலர் விட்டுவிடுவது வேறு. இந்த வீட்டின் படிமத்தை எந்த ஊடகத்திலும், எந்த நாட்டிலும், காலவரையின்றிப் பயன்படுத்தலாம் என்ற வாசகம் வேண்டும். தகராறு வந்தால் உரிமையாளர் இழப்பீடு மட்டுமே கோரலாம், படத்தின் வெளியீட்டைத் தடுக்கக் கோர முடியாது என்ற வாசகமும் வேண்டும். ஓடிடி தளமோ விழாவோ ஆவணம் கேட்கும்போது ஒரு வருடம் கழித்துப் போய்க் கையெழுத்து கேட்டால் விலை வேறாக இருக்கும். சட்டகத்தில் கதவு எண், கைபேசி எண், வண்டிப் பலகை, குடும்பப் புகைப்படம் தெரியாமல் பார்ப்பது உங்கள் கடமை.

உள்ளே நுழையும் முன், விளக்கெல்லாம் போட்டு, ஒவ்வொரு சுவரையும் தரையையும் குழாயையும் உரிமையாளர் கூட நிற்க வீடியோ எடுங்கள். ஏற்கெனவே இருந்த கீறல் யாருடையது என்ற சண்டை அட்வான்ஸைத் தின்னும் முதல் காரணம். ஸ்டாண்டின் கால்களுக்குப் பழைய டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டுங்கள். நடமாட்டப் பாதையில் பழைய கார்பெட். டிராலி தண்டவாளத்துக்கு அடியில் ஒட்டுப்பலகை. இரட்டைப் பக்க டேப்பைச் சுவரில் ஒட்டாதீர்கள். டிஸ்டம்பர் பூச்சு தோலோடு உரிந்து வரும். பேப்பர் டேப்பின் மேல் மற்ற டேப்பை ஒட்டினால் சுவர் பிழைக்கும். சூடான விளக்கு ஃபால்ஸ் சீலிங்குக்கு இரண்டு அடிக்குள் வரக் கூடாது.

நிறம் மாற்றுவதானால் அனுமதியோடு திரும்பப் பூசும் செலவையும் கணக்கில் எடுங்கள். 10 க்கு 11 அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் 420 சதுர அடி. கதவு ஜன்னல் போக 360. இரண்டு கோட் எமல்ஷனுக்கு ஐந்தாறு லிட்டர் ஆகும். அடர்நிறத்தின் மேல் மறுபடி வெள்ளை அடிக்கும்போது பிரைமர் ஒரு கோட் கூடுதல். பளபளப்பில்லாத மேட் பூச்சைத்தான் வாங்க வேண்டும். சாட்டின் பூச்சில் எல்லா விளக்கும் தெரியும். படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பாவது பூசி முடித்தால்தான் வாசனை அடங்கும். வாளியில் ஒரு லிட்டரை மிச்சம் வைத்து, ஷேடு எண்ணை மூடியில் எழுதி வையுங்கள்.

அந்த ஒரு லிட்டர், விடுபட்ட சட்டகங்களைப் பின்னால் எடுக்கும் பேட்ச் ஒர்க்குக்காக. ஒரு கை தட்டைத் தொடும் குளோசப், ஒரு கதவு திறக்கும் ஓசை, கண்ணாடியில் ஒரு பார்வை என்று எடிட்டிங் மேசையில்தான் விடுபட்டவை தெரியும். அதற்குள் புதிய குடும்பம் பால் காய்ச்சிக் குடியேறியிருந்தால் ‘தேவைப்பட்டால் ஒரு நாள் தருகிறேன்’ என்று எழுதி வாங்கிய வாசகம் எதற்கும் உதவாது. எனவே கடைசிப் படப்பிடிப்பு நாளையும் சாவி ஒப்படைக்கும் நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள். இடையில் நான்கு நாள் விடுங்கள். திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் அலமாரிப் பொருட்களும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். படப்பிடிப்பு நடக்கும்போதே எடிட்டர் காட்சிகளைச் சுமாராக அடுக்கிக்கொண்டு வந்தால், அந்த நான்கு நாளில் விடுபட்ட பட்டியல் வந்துவிடும். நாலைந்து பேர் மட்டும் போய் ஒரு மதியத்தில் எடுத்துவிடலாம். அதன் பிறகு சுவரைப் பூசி, மீட்டர் எண்ணைக் குறித்து, உரிமையாளரோடு அதே வீடியோவை வைத்து அறை அறையாக நடந்து, பிணைத்தொகையை அங்கேயே கணக்குத் தீர்த்து வாங்குங்கள்.